கம்பியில் குத்திய சீட்டுகள்

அறுவடைக் காலத்தில் கெங்கவல்லியிலிருந்து ஆத்தூர் போகிற சாலையில் குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். மரவள்ளி என்பது புத்தகச் சொல். எங்கள் பக்கத்தில் அது குச்சிக்கிழங்கு. ஜவ்வரிசி ஆலைக்கு லோடு போனால், கிழங்கின் பருமனைப் பார்த்து யாரும் விலை சொல்ல மாட்டார்கள். ‘பாயிண்ட்’ பார்ப்பார்கள். லோடிலிருந்து சில கிலோ எடுத்து வெளியில் ஒரு எடை போடுவார்கள். அப்புறம் அதையே கூடையோடு தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி இன்னொரு எடை. மாவு நிறைந்த கிழங்கு அடர்த்தியானது, தண்ணீருக்குள்ளும் கனம் காட்டும். நீர் கோத்த கிழங்கு லேசாகிவிடும். இரண்டு எடையையும் வைத்து மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று கணித்துவிடுவார்கள். 28 வரும், 27 வரும், நல்ல மழைக்கு அப்புறம் என்றால் 24-க்கு இறங்கும். மாவை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் டன்னுக்கு எவ்வளவு என்ற பேரம் அந்த எண்ணில்தான் முடியும்.

ஆலையில் கொடுக்கிற சீட்டுகளை அப்பா தூக்கிப் போடமாட்டார். சுவரில் வளைத்து மாட்டிய ஒரு கம்பியில் குத்திவைப்பார். தேதி, வண்டி எடை, நிகர எடை, பாயிண்ட். அடியில் இருக்கும் சீட்டுகள் மஞ்சளாகி, ஓரம் செல்லரித்து இருக்கும். ஒரு வருஷம் புரோக்கர் ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். புது ரகம் வந்திருக்கிறது, 32 பாயிண்டுக்குக் குறையாது, குச்சிக்கு மட்டும் கொஞ்சம் விலை கூட என்றார். அப்பா தயங்குவதைப் பார்த்து, “பொய்யா சொல்லப் போறேன்? போன வருசம் உங்க கெணத்துமேட்டுல நட்டீங்களே, அதுவும் இதே குச்சிதாங்கண்ணா” என்றும் சேர்த்தார்.

அப்பா உள்ளே போய்க் கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு சீட்டாகத் தள்ளிப் பார்த்தார். “கெணத்துமேட்டுக் கெழங்கு தனி லோடாத்தான் போச்சு. இருவத்தெட்டு. கொல்லைக்காட்டுதும் இருவத்தெட்டு. நீ சொல்றது நெசமா இருந்தா இந்தச் சீட்டு சொல்லியிருக்குமேப்பா.”

புரோக்கர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

பல வருஷம் கழித்துத் துகள் இயற்பியல் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கியபோது, அப்பா அன்று செய்த காரியத்தை ஜெனீவா பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருப்பதைக் கண்டேன். புதுக் கோட்பாடு ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. அது உண்மையானால், ஏற்கெனவே எடுத்துவைத்த அளவீடுகளில் ஏதாவது ஒரு மூலையில் அதன் தடம் இருந்திருக்க வேண்டும். இருக்கிறதா?

கோட்பாடுகள் ஏன் வந்துகொண்டே இருக்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொருளும் விசைகளும் எதனால் ஆனவை என்பதற்கு இப்போது நம்மிடம் உள்ள கணக்கு, செந்தர மாதிரி எனப்படும் ஸ்டாண்டர்ட் மாடல். குவார்க்குகள் ஆறு, எலக்ட்ரான் குடும்பத்துத் துகள்கள் ஆறு, விசைகளைச் சுமக்கும் துகள்கள் சில, கடைசியாக 2012 ஜூலை 4 அன்று அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ். இதைக் கொண்டு போட்ட கணக்குகள் ஆய்வகத்தில் அசர வைக்கும் அளவுக்குப் பொருந்துகின்றன. ஆனால் ஈர்ப்பு விசை இதில் சேரவே இல்லை. விண்மீன் மண்டலங்களைப் பிடித்து வைத்திருக்கும் கரும்பொருளுக்கு இதில் ஆளே இல்லை. நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்று தெரிந்துவிட்டது, பழைய கணக்கில் அதற்கும் இடம் வைக்கவில்லை. ஆக, வீடு உறுதியானது, அறைகள் போதவில்லை. ‘இப்படி ஒரு அறை கட்டலாம்’ என்று வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

அவர்களைச் சோதிக்கும் இடங்களில் பெரியது செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவி. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து எல்லையில், தரைக்குக் கீழே சுமார் 100 மீட்டரில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம். உள்ளே புரோட்டான் கூட்டங்கள் எதிரெதிராக ஓடி, நொடிக்கு 4 கோடி தடவை வரை ஒன்றையொன்று கடக்கின்றன. எல்லாவற்றையும் பதிந்துவைக்க அவர்களிடம் உள்ள கணினிகள் போதாது. அதனால் நொடிக்கு ஆயிரம் சொச்சம் நிகழ்வுகளை மட்டும் மின்னணுச் சல்லடை பொறுக்கி நிறுத்துகிறது, மற்றவை போகின்றன. போனது போனதுதான். எதை நிறுத்துவது என்ற முதல் முடிவு மைக்ரோ நொடிகளில் நடக்கிறது. எந்தக் கோட்பாடு தப்பும், எது மாட்டும் என்பதில் பாதி அந்தச் சல்லடையின் கண்ணளவிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

நாமக்கல் பக்கத்து லாரிப் பட்டறைக்காரர்களுக்குப் பிடித்த தகவல் ஒன்று இங்கே இருக்கிறது. வளையத்தில் புரோட்டான்களை வளைத்து ஓட்டும் காந்தம் ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 30 டன்னுக்கு மேல் எடை. அவற்றைத் தாங்கி நிற்பவை ஜாக்கிகள். அப்படி 7,000-க்கும் மேற்பட்ட ஜாக்கிகள் இந்தியாவில் வடிவமைத்து, இந்தியாவில் செய்து அனுப்பப்பட்டவை. லாரிக்கு டயர் மாற்றுகிற ஜாக்கியின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த அண்ணன் 30 டன்னை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நுட்பத்துக்கு நகர்த்தி நிறுத்த வேண்டும். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சி.எம்.எஸ். என்ற உணர்கருவியின் வெளிப்புற ஆற்றல்மானியைச் செய்யும் பணியில் முன்னின்றது. காந்தச் சுருளையும் தாண்டிச் சிந்துகிற ஆற்றலைப் பிடிப்பதுதான் அதற்கு வேலை. சின்ன வேலை மாதிரித் தெரியும். ஆனால் கரும்பொருள் துகள் ஒன்று உருவாகி யாருக்கும் தெரியாமல் வெளியேறினால், அதற்குச் சாட்சி கணக்கில் குறைகிற ஆற்றல் மட்டும்தான். சிந்தியதை எண்ணாமல் விட்டுவிட்டால் வெறும் ஒழுகலையே புதுத் துகள் என்று கொண்டாட வேண்டிவரும். அதே சி.எம்.எஸ். கூட்டமைப்பில் ஐஐடி மெட்ராஸும் இருக்கிறது. 2017 ஜனவரியில் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடானது.

ஆனால் இந்தக் கதை நம் ஊரில் பெரும் ஹாட்ரான் மோதுவிக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் கமுதிக்காரர்.

ஜி. ராஜசேகரன் 1936-இல் ராமநாதபுரம் சீமையின் கமுதியில் பிறந்தார். சிகாகோவில் முனைவர் பட்டம், பிறகு டாட்டா நிறுவனம், 1976-இல் மெட்ராஸ் பல்கலைக்கழகம், 1984-இல் தரமணியில் உள்ள கணித அறிவியல் கழகம் என்று போனது அவர் வாழ்க்கை. 2023-இல் மறைந்தார். 1970-களில் அவர் கையில் எடுத்த கேள்வி, குவார்க்கின் மின்னூட்டம் பின்னமா, முழு எண்ணா என்பது.

பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ‘அப்’ குவார்க்குக்கு 2/3, ‘டவுன்’ குவார்க்குக்கு −1/3. ஆனால் 2/3 மின்னூட்டம் உள்ள துகளைத் தனியாகப் பிடித்தவர் யாரும் இல்லை. ஜோகேஷ் பதியும் அப்துஸ் சலாமும் 1970-களின் முற்பகுதியில் வேறு கணக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு குவார்க்கும் மூன்று ‘நிறங்களில்’ வருகிறது அல்லவா? அந்த மூன்றுக்கும் ஒரே மின்னூட்டம் என்று ஏன் வைக்க வேண்டும்? அப் குவார்க்கின் மூன்று நிறங்களுக்கு 1, 1, 0. டவுன் குவார்க்குக்கு 0, 0, −1. எல்லாம் முழு எண். கூட்டி மூன்றால் வகுத்தால் அதே பழைய 2/3, அதே −1/3. இது வெறும் எண் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. குவார்க்கையும் எலக்ட்ரானையும் ஒரே குடும்பத்தில் சேர்க்கப் பார்த்த பெரிய கோட்பாட்டின் பகுதி அது.

சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ராஜசேகரனும் புரொபிர் ராயும் சேர்ந்து 1975, 76-இல் கணக்குப் போட்டார்கள். பதியும் சலாமும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள். குவார்க்கை எலக்ட்ரானால் ஓங்கி அடித்துப் பார்க்கிற சோதனைகளில், நிறத்துக்கு நிறம் மாறும் பகுதி கிட்டத்தட்ட முழுவதுமாகத் தள்ளுபடியாகிவிடும். ஒளித்துகள் கொண்டுவருகிற பங்கை, குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான் (இந்தக் கோட்பாட்டில் அதற்கு நிறை உண்டு) கொண்டுவருகிற பங்கு அடித்துவிடும். மிஞ்சுவது சராசரி மட்டுமே. ஆக, பின்னக் குவார்க்கும் முழு எண் குவார்க்கும் அந்தச் சோதனையில் ஒரே முகத்தைத்தான் காட்டும். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், மூன்று ரகத்தையும் ஒரே லோடில் கலந்து பாயிண்ட் பார்த்த மாதிரி.

கோட்பாடு தப்பித்துவிட்டது என்று பலர் இங்கே கையை உதறிவிடுவார்கள். ராஜசேகரன் உதறவில்லை. ஓங்கி அடித்தால் ஒளிந்துகொள்கிறது என்றால், மெல்லத் தொட்டால் வெளியே வர வேண்டுமே? மெல்லத் தொடுவதற்கு வழி, கிட்டத்தட்ட நிஜ ஒளித்துகள்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 1978-இல் ஓடத் தொடங்கிய பெட்ரா மோதுவியில் எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதின. சில சமயம் அவை நேரடியாக முட்டிக்கொள்ளாமல், ஆளுக்கொரு ஒளித்துகளை உமிழ்ந்துவிட்டுப் போய்விடும். அந்த இரண்டு ஒளித்துகள்களும் மோதிக் குவார்க் இணை ஒன்றைப் பிறப்பிக்கும்.

இதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஒளித்துகள் வந்து தொடுகிற நிகழ்வு எத்தனை தடவை நடக்கும் என்பது மின்னூட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. பின்னக் கணக்கில் அப் குவார்க்குக்கு 2/3-இன் நான்காம் அடுக்கு, அதாவது 16/81. ஏறத்தாழ 0.2. முழு எண் கணக்கில் 1, 1, 0 ஆகியவற்றின் நான்காம் அடுக்கும் 1, 1, 0-தான். சராசரி 2/3, ஏறத்தாழ 0.67. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். டவுன் குவார்க்குக்கு வந்தால் இன்னும் மோசம். பின்னத்தில் 1/81, முழு எண்ணில் 1/3. 27 மடங்கு! சராசரியில் ஒன்றாக இருந்த இரண்டு கணக்கும் நான்காம் அடுக்கில் கிழக்கும் மேற்குமாகப் பிரிந்துவிடுகின்றன. ஒளித்துகள் எவ்வளவு ‘நிஜம்’ என்பதைப் பொறுத்து இந்த வித்தியாசம் கூடும், குறையும். 1980-களின் முற்பகுதியில் ராஜசேகரனும் டி. ஜெயராமனும் சௌரப் ரிந்தானியும் இந்த வழியில் விரிவாகக் கணக்குப் போட்டு, இரு ஒளித்துகள் மோதல்களில் எதைத் தேட வேண்டும் என்று காட்டினார்கள். ஹாம்பர்க்கில் மோதல், மெட்ராஸில் கணக்கு.

கடைசியில் நிலைத்தது பின்னம்தான். முழு எண் குவார்க் இன்று பாடப்புத்தகத்தில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. இதைத் தோல்விக் கதையாகச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘சோதிக்கவே முடியாது’ என்று ஒளிந்துகொண்ட கோட்பாட்டைச் சோதனைக் கூண்டுக்கு இழுத்துவந்தது பெரிய வேலை. தான் வளர்த்த கோட்பாட்டையே அப்படி இழுத்துவருவதற்கு மனசும் வேண்டும்.

அடுத்து வந்தவர்கள் வேறு மாதிரி ஆட்கள். 1998-லும் 1999-லும் இயற்பியலில் கூடுதல் பரிமாணங்கள் பெரிய பேச்சாக இருந்தன. நீளம், அகலம், உயரம் தவிர இன்னொரு திசை மறைந்திருக்கிறது, ஈர்ப்பு விசை அந்தத் திசையிலும் பரவுவதால்தான் நமக்கு அது இவ்வளவு பலவீனமாகத் தெரிகிறது என்ற எண்ணம். லிசா ரேண்டாலும் ராமன் சுந்தரமும் 1999-இல் சொன்ன வடிவம் இதில் புகழ்பெற்றது. (இந்தத் துறையின் பாதிப் பேர் ‘ஆர்.எஸ்.’ என்று சுருக்கிச் சொல்லும்போது அந்த ‘எஸ்’ ஒரு சுந்தரம் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.) அவர்கள் சொன்னது சரியென்றால், ஈர்ப்பைச் சுமக்கும் கிராவிட்டானுக்குக் கனமான உறவினர்கள் இருக்க வேண்டும். அவை மோதுவியில் பிறந்து, உடனே இரண்டு மியூவான்களாகவோ (எலக்ட்ரான் குடும்பத்தில் எலக்ட்ரானைவிடக் கனத்த துகள்) இரண்டு ஒளித்துகள்களாகவோ சிதைய வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி? பிறந்த இரண்டு மியூவான்களின் ஆற்றலும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் தெரிந்தால், அவற்றைப் பெற்ற துகளின் நிறையைக் கணக்கிட்டுவிடலாம். ஒன்றுக்கு 60 அலகு ஆற்றல், மற்றதற்கு 40, இடைக்கோணம் 137 பாகை என்று வையுங்கள். அலகு என்பது இங்கே ஜிகா எலக்ட்ரான் வோல்ட், புரோட்டானின் நிறை ஏறத்தாழ ஒரு அலகு. ஆற்றல்களைப் பெருக்கி, இரண்டால் பெருக்கினால் 4,800. ஒன்றிலிருந்து கோணத்தின் கொசைனைக் கழித்தால் 1.73. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 91. இது விசை சுமக்கும் துகள்களில் ஒன்றான இசட் போசான். லட்சக்கணக்கான மியூவான் இணைகளுக்கு இப்படிக் கணக்குப் போட்டு வரைபடமாக அடுக்கினால் 91-இல் ஒரு மேடு எழும், அப்புறம் சரிவு, நெடுந்தூரத்துக்கு ஆளரவமற்ற சரிவு. ஆர்.எஸ். கிராவிட்டான் இருந்தால் அந்தச் சரிவில் ஆயிரக்கணக்கான அலகு தள்ளி இன்னொரு மேடு தெரிய வேண்டும்.

தெரியவில்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. இருந்திருந்தால் எத்தனை நிகழ்வு வந்திருக்கும் என்று தெரிந்தால்தான் ‘வரவில்லை’ என்ற சொல்லுக்கே பொருள். வட்டிக்கு விட்டவருக்கு வரவேண்டிய தொகை தெரியாவிட்டால் பாக்கியை எப்படிக் கேட்பார்? புரோட்டான் என்பது குவார்க்கும் குளுவானும் கொதிக்கிற மூட்டை. முதல் தோராயத்தில் போட்ட கணக்கு, மோதலுக்கு முன்னால் குவார்க் ஒரு குளுவானை உதறுவதையும், நடுவில் நடக்கிற கொடுக்கல் வாங்கல்களையும் கண்டுகொள்ளாது. அவற்றையும் சேர்த்து அடுத்த நிலைத் திருத்தத்தோடு கணக்குப் போட்டவர்கள் பிரகாஷ் மாத்யூஸ், வி. ரவீந்திரன், கே. ஸ்ரீதர், நெதர்லாந்தின் வான் நீர்வன் ஆகியோர். 2005-ஐ ஒட்டி வந்த கட்டுரைகள். கூடுதல் பரிமாணக் கோட்பாடுகள் தருகிற மியூவான் இணைகளின் எண்ணிக்கை, திருத்தம் சேர்த்த பிறகு பல பத்து விழுக்காடு மாறுகிறது என்று காட்டினார்கள். அப்போது அலகாபாத்தில் இருந்த ரவீந்திரன் பிற்பாடு சென்னைக் கணித அறிவியல் கழகத்துக்கு வந்தார். ஹிக்ஸ் எவ்வளவு பிறக்கும் என்ற கணக்கை அதைவிட இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனவர்களிலும் அவர் ஒருவர். பத்திரிகைகளில் இத்தகைய வேலைக்குப் படம் போட மாட்டார்கள். போடவும் முடியாது, முழுக்க நுண்கணிதம். ஆனால் இது இல்லாமல், மேடு இல்லாத வரைபடம் வெறும் வெற்றுக் காகிதம்.

2015 முதல் 2018 வரை சேர்ந்த தரவைப் பார்த்த பின், ஆர்.எஸ். கிராவிட்டானின் எளிய வடிவம் ஒன்று 4,000 அலகுக்குக் கீழே இல்லை என்றாகிவிட்டது. இசட்டைப் போன்ற இன்னொரு கனத்த போசான், அதன் வழக்கமான ஒப்பீட்டு வடிவத்தில், 5,150 அலகு வரை இல்லை என்று சி.எம்.எஸ். அறிவித்தது. அதாவது புரோட்டானைப் போல ஐயாயிரத்துச் சொச்சம் மடங்கு நிறை வரை தேடியாயிற்று.

இடையில் ஒரு கூத்தும் நடந்தது. 2015 டிசம்பர் 15 அன்று சி.எம்.எஸ்., அட்லஸ் என்ற இரண்டு கூட்டமைப்புகளும் முடிவுகளைக் காட்டின. இரண்டு ஒளித்துகள் வெளிவரும் நிகழ்வுகளில், 750 அலகை ஒட்டி, இரண்டிலுமே ஒரு சின்ன மேடு. உலகம் கொதித்தது. எட்டு மாதத்துக்குள் ஏறத்தாழ 500 கட்டுரைகள். புது ஹிக்ஸ் என்றார்கள் சிலர், ஆர்.எஸ். கிராவிட்டான் வந்தேவிட்டது என்றார்கள் சிலர்.

இங்கே நம் ஊர்க் கோயில்களில் பூக் கேட்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் காரியம் ஆகும். மூன்று தடவையும் வெள்ளையே வந்தால் சாமி அழுத்தமாகச் சொல்லிவிட்டது என்பார்கள். தற்செயலாக அப்படி வர எட்டில் ஒரு வாய்ப்பு. நல்ல சகுனம்தான். ஆனால் ஒரே காரியத்துக்காகத் தம்மம்பட்டி, வீரகனூர், ஆத்தூர் என்று எட்டுக் கோயிலில் கேட்டுவிட்டு, எங்கோ ஒன்றில் மூன்று வெள்ளை வந்ததை மட்டும் வீட்டில் வந்து சொன்னால்? பெரும்பாலும் எங்காவது ஒன்றில் வந்துவிடும். மோதுவி வரைபடத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மேடு தேடுகிறார்கள். அத்தனை கோயில். அதனால்தான் ஓர் இடத்தில் மட்டும் பார்த்தால் அழுத்தமாகத் தெரிகிற மேடு, முழு வரைபடத்தையும் கணக்கில் எடுத்தால் மெலிந்துவிடுகிறது. ‘கண்டுபிடித்தோம்’ என்று சொல்ல அவர்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடு, தற்செயலாக நேர 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது. பூக் கணக்கில் அது 22 தடவை தொடர்ந்து வெள்ளை வருவதற்குக் கொஞ்சம் குறைவு.

2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் புதுத் தரவோடு வந்தார்கள். மேடு இல்லை. அவ்வளவுதான். 500 கட்டுரை எழுதியவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை, ஆலைக்கு லோடு போகும் முன்பே பாயிண்ட் சொல்லிவிட்டார்கள்.

சிகாகோவுக்குச் சில வாரம் முன்புதான், சத்தமில்லாமல் இன்னொரு கட்டுரை வெளியே வந்திருந்தது. எனக்கு அப்பாவின் கம்பியை நினைவுபடுத்தியது அதுதான். ஜோனதன் பட்டர்வொர்த்தும் கூட்டாளிகளும் எழுதியது, அதிலிருந்து ‘காண்டூர்’ என்ற மென்பொருள் வளர்ந்தது. அவர்கள் கேட்டது எளிய கேள்வி. ஒவ்வொரு புதுக் கோட்பாட்டுக்கும் தனியாக ஒரு தேடலை ஏற்பாடு செய்ய வருஷக்கணக்கில் ஆள் வேண்டும். ஆனால் மோதுவியில் செந்தர மாதிரியின் சாதாரண நிகழ்வுகளை நுட்பமாக அளந்து வெளியிட்ட அளவீடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இசட் எவ்வளவு, ஒளித்துகள் எவ்வளவு, துகள் பீய்ச்சல்கள் எந்தக் கோணத்தில் எவ்வளவு. புதிதாக எதையாவது தேடி யாரும் எடுத்தவை அல்ல. ஆனாலும் புதுத் துகள் இருந்தால், அந்த மோதல்களிலும் அது பிறந்திருக்கும். பிறந்திருந்தால் இந்தச் சாதாரண எண்களில் எதையாவது கெடுத்திருக்கும்.

ஆகவே கோட்பாட்டைக் கணினிக்குள் போட்டு, போலி மோதல்களை உருவாக்கி, அவற்றை ‘ரிவெட்’ என்ற நூலகத்தில் சேமித்துள்ள பழைய அளவீடுகள் ஒவ்வொன்றின் ஊடாகவும் அனுப்புகிறார்கள். எந்த எண்ணோடு மோதுகிறது என்று பார்க்கிறார்கள். கிணற்றுமேட்டுச் சீட்டு எங்கே என்று தேடுவதுதான் இது.

இது வேலை செய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அப்பாவின் சீட்டில் வண்டியோடு சேர்த்த எடையும் இருக்கும், நிகர எடையும் இருக்கும். வண்டியோடு உள்ள எடை, அந்த லாரியைத் தெரிந்தவருக்கு மட்டுமே பயன்படும். நிகர எடையை யார் வேண்டுமானாலும், எத்தனை வருஷம் கழித்தும் எடுத்துப் பேசலாம். அளவீடுகளிலும் அப்படித்தான். உணர்கருவியின் கோளாறு, இடைவெளி, மங்கல் எல்லாவற்றையும் கழித்து, கருவியைத் தெரியாதவரும் ஒப்பிடக்கூடிய ‘நிகர’ எண்ணாக வெளியிட்டிருந்தால்தான் ரிவெட்டில் அது உயிரோடு இருக்கும். இதற்கு மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும், பெயர் கிடைக்காது. புது மேடு தேடுகிறவர்களுக்குக் கிடைக்கிற கைதட்டலில் கால் பங்காவது இவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பேன்.

குறையும் உண்டு. தொடக்கத்தில் காண்டூர், அளவீட்டையே செந்தர மாதிரியின் விடையாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் புதுத் துகளைச் சேர்த்தால் பிழை எல்லையைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்தது. அப்படிப் பார்த்தால் ஒரு கோட்பாட்டை வெளியேற்றலாம், ஆனால் அளவீட்டுக்குள் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் புதுமையைக் கண்டுபிடிக்க வழியில்லை. சீட்டில் உள்ள 28 சரிதானா என்று அப்பாவும் கேட்கவில்லை. பிற்பாடு செந்தர மாதிரியின் கணிப்புகளையே தனியாகச் சேர்த்து ஒப்பிடும் வசதி வந்தது. இங்கேதான் ரவீந்திரன் போன்றவர்கள் போடுகிற அடுத்தடுத்த நிலைத் திருத்தக் கணக்கு மறுபடி உள்ளே வருகிறது. பழைய சீட்டும் துல்லியமாக இருக்க வேண்டும், வரவேண்டியது எவ்வளவு என்ற கணக்கும் துல்லியமாக இருக்க வேண்டும். ஒன்று மங்கினாலும் புரோக்கர் ஜெயித்துவிடுவார்.

சீட்டுக் கம்பியைப் பூட்டி வைக்காமல் திண்ணையிலேயே மாட்டிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சி.எம்.எஸ். தன் மோதல் தரவை 2014 நவம்பர் முதல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 2016 ஏப்ரலில் 300 டெராபைட் வந்தது, 2017 டிசம்பரில் அதற்கும் மேல் ஒரு பெட்டாபைட். சி.எம்.எஸ். கூட்டமைப்பில் இல்லாத மாசாசூசெட்ஸ் ஆய்வாளர்கள் 2017-இல் அதை வைத்துப் புதுக் கட்டுரையே வெளியிட்டார்கள்.

அந்தப் பெரிய மூட்டையைத் தூக்கச் சொல்லவில்லை. செர்னின் ஓப்பன் டேட்டா தளத்தில், 2010-இல் பதிவான மியூவான் இணைகளில் ஒரு லட்சத்தைப் பிரித்தெடுத்துச் சாதாரண அட்டவணைக் கோப்பாகவே வைத்திருக்கிறார்கள். எக்செல்லில் திறக்கும். அரசு கொடுத்த மடிக்கணினி போதும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் உட்கார்த்தி வையுங்கள். நிறையை வரிசைப்படுத்தி, எந்த எண்ணில் எத்தனை என்று வரைபடம் போடச் சொல்லுங்கள். 3.1-இல் ஒரு மேடு வரும், 9.5-இல் ஒன்று, 91-இல் ஒன்று. அதற்கு அப்பால் சரிவுதான்.

கோப்பு இலவசம்.